பில்தாத் சொன்ன வாக்குத்தத்தம்: வேதாகமத்தை முழுவதுமாக வாசிப்பது பற்றி ஒரு பதில்

கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையை அவர் வீட்டுச் சுவரில் ஒட்டி, அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டே ஆண்டு முழுவதும் ஜெபிக்கிறார். இந்த ஆண்டு வந்தது எரேமியா 29:11. முழு வேதாகமத்தையும் வாசித்துவிட வேண்டும் என்று நான்கு முறை தொடங்கி, நான்கு முறையும் லேவியராகமத்தில் நின்றுவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்பதால் வேதாகமத்தின் பழைய தமிழும் அவரைத் தடுக்கிறது. "எனக்கு ஆறுதல் தரும் வசனங்கள் எனக்குப் போதாதா? முழுவதையும் வாசிப்பது போதகர்களின் வேலையல்லவா?" என்று கேட்கிறார்.

தம்பி, ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு துன்பத்தைக் கடந்தவர்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். எழுதப்படிக்கத் தெரியாத என் பாட்டிக்கு இருபத்துமூன்றாம் சங்கீதம் மட்டுமே மனப்பாடம். அதை வைத்தே அவர் நன்றாக வாழ்ந்து முடித்தார். ஆகவே வசன அட்டையைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் பாட்டிக்கு இல்லாத ஒன்று உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது: அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ளதை வாசிக்கத் தெரியும். தெரிந்தும் வாசிக்காமல் இருந்ததால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன் தருமபுரியில் என் தங்கையின் கணவர் மளிகைக்கடை திறந்தார். பெயர்ப்பலகையில் எழுத ஒரு வசனம் சொல்லும்படி என்னைக் கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல் யோபு 8:7 என்றேன்: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." நம் பக்கத்தில் கடை திறப்பு விழாக்களிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் இந்த வசனத்தை எத்தனையோ முறை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் ஆண்டில், கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம் திரும்பாமல், கடையை மூட வேண்டியதாயிற்று. அதன்பின் வீட்டுக்கு வந்த விசுவாசிகள் சிலர், மறைவான பாவம் ஏதேனும் இருக்கிறதா என்று அவர் தம்மை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்களோடு சேர்ந்து நானும், "மாப்பிள்ளை, தசமபாகத்தில் ஏதாவது குறை வைத்தீர்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போனது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

சில மாதங்கள் கழித்துத்தான் யோபின் புத்தகத்தை, அதன் 42 அதிகாரங்களையும், முதல்முறையாக வரிசையாக வாசித்தேன். எட்டாம் அதிகாரத்துக்கு வந்தபோதுதான், நான் பலகையில் எழுதிக்கொடுத்த வாக்கியம் கர்த்தர் சொன்னதல்ல, யோபு சொன்னதும் அல்ல, யோபுக்கு ஆறுதல் சொல்ல வந்த பில்தாத் என்ற நண்பன் சொன்னது என்பது தெரிந்தது. அதற்கு மூன்று வசனங்கள் முன்பாக, ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலனை அடைந்தார்கள் என்னும் பொருள்பட அவன் பேசுகிறான். நீ சுத்தமும் செம்மையுமானவனாக இருந்தால் கர்த்தர் உன்னைச் சீர்ப்படுத்துவார் என்று நிபந்தனை வைக்கிறான். அந்த நிபந்தனையின் வால்தான் நம்முடைய "சம்பூரண" வசனம். யோபு இப்போது நலிந்திருப்பதால் அவன் குற்றவாளி என்பதே அந்தப் பேச்சின் உட்பொருள். புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர், பில்தாதைப்போல் ஆறுதல் சொல்ல வந்த இன்னொரு நண்பனான எலிப்பாசை நோக்கி, அவன்மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர்மேலும் தமக்குக் கோபம் மூண்டதாகச் சொல்லி, என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைக்குறித்து "நிதானமாய்ப் பேசவில்லை" என்று தீர்ப்பளிக்கிறார். பில்தாதின் வசனத்தைப் பலகையில் எழுதிக்கொடுத்த நான், கடை மூடியபோது பில்தாதின் கேள்வியையே மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன். ஒன்றை விதைத்தால் மற்றது தானாக முளைக்கும்போலும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. யோபின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வாதமாக இருந்தது என்று 42:12 சொல்வதால், பில்தாத் சொன்னது பலித்துத்தானே போயிற்று என்று கேட்பார்கள். பலித்தது உண்மையே, ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தினால் அல்ல. யோபு தன் பாவத்தைக் கண்டுபிடித்து அறிக்கையிட்டதால் அது நடக்கவில்லை. தன்னைக் குற்றப்படுத்திய அதே நண்பர்களுக்காக அவன் ஜெபித்த வேளையில் நடந்தது. மேலும், நண்பர்கள் பேசியது அத்தனையும் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. எலிப்பாஸ் சொன்ன ஒரு வரியைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வேதவாக்கியமாகவே எடுத்தாள்கிறார். வார்த்தை சரியாக இருந்து, சொல்லப்பட்ட ஆளும் நேரமும் தவறாக இருக்கும் நிலையைத்தான் அந்தப் புத்தகம் நாற்பது அதிகாரங்களுக்கு மேல் நீட்டிக் காட்டுகிறது. ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தவனுக்கு அது தெரிய வழியே இல்லை.

இது வேதாகமத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல என்பதற்கு நம் ஊர்க் கதையே சாட்சி. தகடூர் என்ற பழைய பெயருடைய இந்தத் தருமபுரியை ஆண்ட அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். அப்போது பாடிய பாட்டு புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிக்க அரண்மனையில் அழகாக இருக்கின்றன என்றும், அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்றும் அது சொல்கிறது. யார், யாரிடம், எதற்காகப் பாடியது என்பதை நீக்கிவிட்டு முதல் மூன்று வரிகளை மட்டும் படிக்கிறவன் அது தொண்டைமானின் புகழ் என்றே நினைப்பான். உன் ஆயுதங்கள் போரையே கண்டதில்லை என்ற குத்தல், சூழல் தெரிந்தவனுக்கு மட்டுமே கேட்கும். பாட்டுக்குத் திணையும் துறையும் பாடிய சூழலும் குறித்து வைத்த மரபில் வந்த நாம், வேதாகமம் என்று வரும்போது மட்டும் அந்தப் பழக்கத்தை மறந்துவிடுவது வியப்புக்குரியது.

இப்போது உங்கள் சுவரில் உள்ள வசனத்துக்கு வருகிறேன். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்பது ஒரு கடிதத்தின் நடுவில் உள்ள வாக்கியம். கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேமைப் பிடித்து, ராஜாவையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் நாடுகடத்திக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பிய கடிதம்தான் 29ஆம் அதிகாரம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்னிலையில் முழங்கி, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் பூண்டிருந்த நுகத்தைப் பிடுங்கி முறித்துப் போடுகிறான். கேட்டவர்களுக்கு அது இனித்திருக்கும். எரேமியாவின் கடிதமோ, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு, பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பி வருவீர்கள் என்கிறது. அந்த எழுபதுக்கு அடுத்த வசனம்தான் உங்கள் வசனம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய முப்பது வயதுக்காரன் ஊர் திரும்பப் போவதில்லை. அவன் பேரன் திரும்பலாம். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகள்" என்ற வாக்கு அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! இந்த ஆண்டுக்குள் பதவி உயர்வு, இந்த ஆண்டுக்குள் வீடு என்று நாம் அதை வாசிக்கும்போது, நம்மை அறியாமல் எரேமியாவின் வாக்கியத்தை அனனியாவின் குரலில் வாசிக்கிறோம். பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், தகரக் கொட்டகையில் பிள்ளைகளை வளர்க்கிற குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அவர்கள் பிழைப்புக்காகப் போனவர்கள், பாபிலோனுக்குப் போனவர்களைப்போல் சிறைப்பட்டவர்கள் அல்லர். என்றாலும் அந்நிய ஊரில் ஆண்டுகள் நீளும்போது எப்படி வாழ்வது என்று சொல்லும் அந்த முழுக் கடிதம், தனி வசனத்தைவிட அவர்களுக்கு அதிகமாகப் பேசும். வசனத்தின் ஆறுதல் இதனால் குறைவதில்லை. இந்த டிசம்பருக்குள் ஒன்றும் நடக்காவிட்டாலும் அது பொய்யாகிவிடாது.

பிலிப்பியர் 4:13 கதையும் ஏறக்குறைய இதுதான் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிறோம். அதற்கு முந்தின வசனத்தில் பவுல், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தாம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார். எழுதும்போது அவர் காவலில் இருக்கிறார். மூல கிரேக்கத்தில் "செய்ய" என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. எல்லாவற்றுக்கும் எனக்கு வலு உண்டு என்பதே அதன் அமைப்பு. பட்டினியைத் தாங்கும் வலுவும் அந்த "எல்லாவற்றில்" அடங்கும். உபாகமம் 28ஆம் அதிகாரத்தின் "வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற வசனத்தை விரும்புகிறவர்கள், 68 வசனங்கள் கொண்ட அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் முதல் 14 வசனங்களில் முடிந்து, மீதி 54 வசனங்களும் சாபங்களாகவே இருப்பதையும், தலையும் வாலும் இடம் மாறிப்போவது 44ஆம் வசனத்தில் வருவதையும் ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நல்லது.

நாம் ஏன் இப்படித் துண்டுதுண்டாக வாசிக்கப் பழகினோம் என்பதற்குச் சில காரணங்கள் உண்டு. இன்று நாம் காணும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் வகுத்ததாகக் கருதப்படுவது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைப் போட்டவர் பாரிசைச் சேர்ந்த அச்சகர் ராபர்ட் எஸ்தியேன், அது 1551இல். எபிரெய வேதத்தில் வாக்கியப் பிரிப்பு அதற்கு முன்பே இருந்தது என்றாலும், நிருபத்தை எழுதிய பவுலுக்குத் தாம் நான்காம் அதிகாரம் பதின்மூன்றாம் வசனத்தை எழுதுவதாக ஒரு நினைப்பும் இருந்திருக்காது. எண்கள் தேடுவதற்கு உதவுகின்றன; ஆனால் நம் கையிலுள்ள பழைய திருப்புதல் என்னும் மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு வசனமும் புதிய வரியில் தொடங்கி அச்சிடப்படுவதால், கடிதமும் கதையும் பாட்டும் எல்லாமே பழமொழித் தொகுப்புபோலத் தோற்றம் கொள்கின்றன. இன்னொரு காரணம் நம் வரலாறு. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். கிருஷ்ணகிரியில் மிசௌரி லுத்தரன் மிஷனரிகள் பணியைத் தொடங்கியது 1895இல். அந்தக் காலமெல்லாம் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. கேட்டு மனப்பாடம் செய்த வசனம்தான் பெரும்பாலோருக்கு வேதாகமமாக இருந்தது. அது அன்று ஒரு செல்வம். பள்ளிக்கூடம் போய்ப் படித்த பேரப்பிள்ளைகளும் அதோடு நின்றுகொள்வதற்குத்தான் சரியான காரணம் எனக்குத் தெரியவில்லை.

முழுவதையும் வாசிப்பது போதகர்களின் வேலை என்பதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. பெரோயா ஊரார், பவுலே வந்து பிரசங்கித்தபோதும், காரியங்கள் அப்படித்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்ததாக அப்போஸ்தலர் 17 பாராட்டுகிறது. அவர்கள் போதகர்கள் அல்லர், கேட்டுக்கொண்டிருந்தவர்கள். நிருபங்கள் சபை கூடியிருக்கும்போது உரக்க வாசிக்கவே எழுதப்பட்டவை. கொலோசெயரின் கடைசி அதிகாரம் அதை வெளிப்படையாகச் சொல்கிறது. கத்தோலிக்க நண்பர்களுக்கு 73 புத்தகங்கள், நமக்கு 66; ஞாயிறு வாசகங்களை மூன்று ஆண்டுச் சுழற்சியில் அவர்கள் வைத்திருப்பதால், யாருக்கும் பிடிக்காத பகுதிகளும் பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டுவிடுகின்றன. பிரசங்கியாருக்குப் பிடித்த பகுதியே மாதக்கணக்கில் வரும் நம் சபைகள் சிலவற்றைவிட அந்த ஏற்பாடு எனக்கு மேலானதாகப் படுகிறது.

லேவியராகமத்துக்கு வருவோம், நான்கு முறை உங்களை நிறுத்திய புத்தகம் அல்லவா. 12ஆம் அதிகாரம் பிள்ளை பெற்றவள் செலுத்தவேண்டிய பலியைப் பற்றியது. ஆட்டுக்குட்டி வேண்டும், அதற்கு வசதியில்லாதவள் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம் என்கிறது. வறட்டுச் சட்டமாகத் தோன்றும். பிறகு லூக்கா 2:24ஐ எடுத்துப் பாருங்கள்: குழந்தை இயேசுவுக்காக மரியாளும் யோசேப்பும் தேவாலயத்தில் செலுத்த வந்தது அந்தப் புறாக்களையே. அவர்கள் ஏழைகள் என்று லூக்கா அங்கே எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, லேவியராகமம் படித்தவனுக்குப் புரியும். 19ஆம் அதிகாரத்தில், அறுவடையின்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று இருக்கிறது. நிலக்கடலை பிடுங்கிய கொல்லையில் மண்ணுக்குள் விடுபட்ட காய்களைக் கிண்டிப் பொறுக்கும் பெண்களை நம் பக்கத்தில் யார்தான் பார்த்ததில்லை! அந்தச் சட்டத்தின்படி போவாசின் வயலில் கதிர் பொறுக்க வந்தவள்தான் ரூத். அவள் மோவாபியப் பெண். மோவாபியர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23 சொல்லியிருக்க, அவளோ தாவீதின் பாட்டனைப் பெற்றெடுத்து, மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச அட்டவணையில் பெயரோடு நிற்கிறாள். உபாகமத்தின் அந்த வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டவன் ரூத்தை ஊருக்கு வெளியே நிறுத்தியிருப்பான். ரூத்தை மட்டும் வாசித்தவனுக்கு, அவள் கடந்து வந்த வேலி எவ்வளவு உயரம் என்பது தெரியாது. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பதும் அதே லேவியராகமம் 19இல்தான் இருக்கிறது என்பதை, அந்தப் புத்தகத்தைச் சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் அவ்வப்போது நினைவூட்டுவது உண்டு.

வேதாகமமே இந்த முறையைக் கற்றுத்தருகிறது. இயேசுவைச் சோதித்தபோது தேவாலயத்து உப்பரிகையில் பிசாசு அவரிடம் 91ஆம் சங்கீதத்தைத்தான் மேற்கோள் காட்டினான். மேற்கோளில் பொய்யில்லை, பயன்படுத்திய விதத்தில்தான் இருந்தது. அதற்குப் பதிலாக வந்தது உபாகமத்தின் வேறொரு வாக்கியம். நீதிமொழிகள் 26இல் நான்காம் வசனம் மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்கிறது, ஐந்தாம் வசனம் சொல் என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் தூங்கிக்கொண்டு வைக்கவில்லை. இரண்டில் எது எப்போது என்று பகுத்தறியும் பொறுப்பை வாசகனிடம் விட்டிருக்கிறார்.

இனி நடைமுறை. ஆதியாகமத்தில் தொடங்கி நேராகப் போகவேண்டும் என்று எங்கும் கட்டளை இல்லை. முழு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஓர் ஆண்டில் முடிக்க நாளொன்றுக்கு மூன்றேகால் அதிகாரம் ஆகிறது. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு அது சுமை; இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. முதலில் ஒரே அமர்வில் முடியும் சிறு புத்தகங்களை முழுதாக வாசித்துப் பழகுங்கள். ரூத், யோனா, பிலிப்பியர் ஆகிய மூன்றுக்கும் நான்கு நான்கு அதிகாரங்கள்தான். பிறகு மாற்கு சுவிசேஷம், அதன்பின் ஆதியாகமமும் யாத்திராகமமும். எரேமியாவை எடுக்கும்போது இரண்டாம் ராஜாக்களின் கடைசி நான்கு அதிகாரங்களை முன்பே வாசித்துவிடுங்கள். இல்லையென்றால் யார் யாரோடு சண்டையிடுகிறார்கள் என்பதே விளங்காது. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஒலிவடிவில் கேட்டாலும் வாசித்ததாகவே கொள்ளலாம், முதல் நூற்றாண்டுச் சபையாரில் பெரும்பாலோர் கேட்டவர்களே.

மொழியைப் பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. பழைய திருப்புதலில் "கற்பனை" என்றால் கட்டளை. இன்றைய தமிழில் அதன் பொருளே வேறு. "ஆக்கினை" என்றால் தண்டனை. இன்றைய தமிழிலுள்ள மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு எழுத்து வாசிக்கத் தெரிந்தால் வீட்டு மொழியிலேயே ஒரு புத்தகத்தை வாசித்துப் பார்ப்பதும் நல்லது. இப்படிச் செய்தால் விசுவாசம் குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுவார்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் தொகுப்பில் சேர்த்து வைத்தவர்கள் விசுவாசிகள்தான்.

மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. யோபு 42ஐ அவருக்கு வாசித்துக் காட்டியபோது, "அப்படியானால் பலகையில் யார் பேசினது என்பதையும் எழுதியிருக்கலாமே, மச்சான்" என்று சிரித்தார்.

உங்கள் சுவரிலிருந்து அட்டையை எடுக்க வேண்டாம். எரேமியா 28ஆம் அதிகாரத்தில் 17 வசனங்கள், 29இல் 32 வசனங்கள்; இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, அட்டையின் அடியில் ஏழாம் வசனத்தையும் பத்தாம் வசனத்தையும் பேனாவால் எழுதிவையுங்கள். வருகிற டிசம்பர் 31இல் எந்த அட்டை வந்தாலும், ஒட்டுவதற்கு முன் அந்த அதிகாரத்தில் பேசுகிறவர் யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.